அளவு ஜாக்கெட்டும் சைக்கிள் கால்சட்டையும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் அணையைத் தாண்டி மலையேறும் சாலையில், தித்தி கெராவாங் அருவியை நெருங்கும்போது மரநிழல் அடர்த்தியாகிவிடும். போன ஆண்டு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நிழலில்தான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். காலில் பலம் இருந்தது, மூச்சும் சீராகத்தான் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. தொடையிடுக்கில் தோல் உரிந்து, வியர்வை படும் இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. கால்சட்டைக்குள் தைத்திருக்கும் மெத்தை ஒரு பக்கமாக ஒதுங்கி மடிந்து கிடந்தது. அங்கிருந்து பாலிக் பூலாவ் வரை பெரும்பாலும் இறக்கம். அவ்வளவு தூரமும் பெடல்மீது நின்றபடியே இறங்கினேன். ஊருக்குள் வந்ததும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் வேன் கொண்டுவந்து என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனான்.

பினாங்குத் தீவை ஒரு சுற்று சுற்றிவர ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஜார்ஜ் டவுனில் கிளம்பி, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் பூலாவ், புக்கிட் கெந்திங் ஏற்றம், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்ப வேண்டும். அதில் பாதியில் என்னை நிறுத்தியது எண்பத்தைந்து ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஒரு கால்சட்டை. அடுத்த பத்து நாள் சைக்கிள் தொடக்கூடாது என்று கிளினிக்கில் மருத்துவர் சொல்லிவிட்டார். மயிர்க்கால்கள் வீங்கிச் சீழ் பிடித்திருந்தன. அந்தப் பத்து நாளில்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

என் வயது 46. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 103 கிலோ. எடையைக் குறைக்கத்தானே சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்று கேட்காதவர்கள் குறைவு. காலை ஆறரை மணிக்குக் கடலோரப் பாதையில் பாலத்துக்கு அடியில் போகும்போது முகத்தில் படும் காற்றுக்காக ஓட்டுகிறேன். எடை குறைந்தால் குறையட்டும், குறையாவிட்டாலும் ஓட்டுவேன். இந்த உடலோடு இன்றைக்கு ஓட்ட வேண்டும். இந்த உடலுக்கு இன்றைக்கு உடுப்பு வேண்டும்.

முதல் கால்சட்டையை வாங்கிய கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெண்கள் பகுதியில் இருந்தவற்றில் பெரியது எக்ஸ்எல். அது ஆசிய அளவு. ஆசிய அளவில் எக்ஸ்எல் என்பது ஐரோப்பிய அளவில் எம் அல்லது எல் அளவுக்குத்தான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடையில் இருந்த பையன் பணிவாகவே சொன்னான்: "ஆன்ட்டி, ஆண்கள் பக்கம் பாருங்கள். அங்கே நான்கு எக்ஸ்எல் அளவு வரைக்கும் இருக்கிறது." எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் ஏறியது. ஏறிய நிம்மதியில் வாங்கிவிட்டேன். நான் செய்த முதல் தவறு அது. உடம்பில் ஏறியதையே பொருந்தியதாக எடுத்துக்கொண்டேன்.

சைக்கிள் கால்சட்டையின் உயிர் அந்த மெத்தையில் இருக்கிறது. பழைய காலத்தில் ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமுவா என்னும் காட்டாட்டின் தோலைப் பதப்படுத்தி அதைச் செய்தார்கள். ஓட்டுபவர்கள் இன்றும் அதை 'ஷாமி' என்று சொல்வது அதனால்தான். இப்போது அது நுரைப் பஞ்சும் செயற்கைத் துணியும் சேர்ந்தது. உட்காரும்போது உடலைத் தாங்குகிற இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நேர் கீழே அது இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அகலம். ஆகவே பெண்களுக்கான மெத்தையின் பின்பக்கம் அகலமாக இருக்கும், முன்பக்க அமைப்பும் வேறு. நான் வாங்கியது ஆண்களுக்கானது. அதோடு தொடையில் தளர்ந்தும் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் துணி நகர, மெத்தை நகர, தோல் உரசியது. பினாங்கின் ஈரக்காற்றில் உரசலோடு வியர்வையும் சேர்ந்தால் புண் வர ஒரு மணி நேரம் போதும்.

பருத்த உடல்காரர்கள் எல்லாரும் செய்கிற தவறு இது. இறுக்கமாக இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறோம். மற்ற உடுப்புகளில் அதனால் கெடுதல் இல்லை. சைக்கிள் கால்சட்டையில் தளர்ச்சிதான் புண். மெத்தை இரண்டாம் தோல் போல ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் பெண்கள் இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறோம். கடையிலும் யாரும் சொல்வதில்லை. மெத்தை வைத்த கால்சட்டைக்கு உள்ளே உள்ளாடை அணியக்கூடாது. உள்ளாடையின் தையல்தான் முதலில் தோலை அறுக்கும். ஓட்டி முடித்தவுடன் அதைக் கழற்றிவிட வேண்டும், ஈரத்தோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது வயது 45.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். 1972-இல் தொடங்கிய பேட்டை. என் சித்தியும் அங்கேதான் வேலை பார்த்தார். எங்கள் வேலையில் ஒரு பாகம் அது பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை என்றால், வரைபடத்தை எடுத்துப் பார்ப்போம், அளவுகோலை எடுத்து அளப்போம், எது பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்போம். ஒரு நாள் மதிய இடைவேளையில் எனக்குத் தோன்றியது: உடுப்பு மாற்றும் அறையில் மட்டும் ஏன் அளக்காமலே என் உடல்தான் பிசகு என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வருகிறேன்?

அன்று இரவே இஞ்சு டேப்பை எடுத்து அளந்து எழுதினேன். மார்பு 122 சென்டிமீட்டர். வயிறு 112. இடுப்பு 130. தொடையின் அகன்ற இடம் 74. மேல்கை 41. தொடையிடுக்கிலிருந்து முட்டிக்கு மேல் வரை 22. பிறகு வீட்டில் இருந்த சைக்கிள் மேல்சட்டைகளான ஜெர்சிகளையும் அந்தக் கால்சட்டையையும் மேசையில் விரித்து அவற்றையும் அளந்தேன்.

உண்மை அப்போது வெளிப்பட்டது. உடுப்புத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஒரு நடுத்தர அளவுக்கு மாதிரி வெட்டி, ஒருவருக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்வார்கள். அதற்குமேல் ஒவ்வொரு அளவுக்கும் எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆகவே நான்கு எக்ஸ்எல் ஜெர்சியில் கழுத்து அகலம், தோள் அகலம், கை நீளம் எல்லாம் வளர்ந்திருக்கும். என் கழுத்தும் தோளும் வளரவில்லையே! என் தோள் எலும்பு ஐம்பது கிலோ பெண்ணின் தோள் எலும்பு போலத்தான் இருக்கிறது. என் சதை இடுப்பிலும் தொடையிலும் மேல்கையிலும் இருக்கிறது. அதனால் தோளில் வழியும் அதே சட்டை இடுப்பில் பிடிக்கிறது. கால்சட்டை இடுப்புக்குச் சரியாக வந்தால் அதன் கால் முட்டியைத் தாண்டிப் பின்பக்கம் மடிகிறது. பருத்த உடல் என்பது மெலிந்த உடலை ஊதிப் பெரிதாக்கியது என்று எண்ணி வெட்டிய துணி அது. அப்படிப்பட்ட உடல் எந்த ஊரிலும் இல்லை.

எக்ஸ்எல் என்ற எழுத்துக்கு உலகம் முழுவதற்கும் ஒரே பொருளும் இல்லை. ஐஎஸ்ஓ 8559 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. உடலின் எந்த இடத்தை எப்படி அளப்பது, உடுப்பின் அளவை எப்படிக் குறிப்பது என்று அது விளக்குகிறது. ஆனால் எழுத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒட்டிக்கொள்கிறது. பந்தய வீரர்களுக்கென்று இத்தாலியப் பாணியில் வெட்டுபவர்களின் எக்ஸ்எல் ஒன்று, வார இறுதியில் ஓட்டுபவர்களுக்கென்று தளர வெட்டுபவர்களின் எக்ஸ்எல் வேறொன்று. எழுத்தைப் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். சென்டிமீட்டர் அட்டவணை போடாத கடையில் இப்போது நான் வாங்குவதில்லை.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் 54.4 சதவீதத்தினர் கூடுதல் எடையோடு அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். பாதிக்கு மேல்! உடற்பயிற்சி செய்யுங்கள் என்று நம்மிடம் சொல்லாத வாய் இல்லை. செய்யக் கிளம்பினால் போட்டுக்கொள்ள உடுப்பு இல்லை. கடைக்காரர்களிடம் நான் இதைக் கோபமாகவே சொல்லியிருக்கிறேன். "பெரிய அளவு விற்பதில்லை, அதனால் வாங்கி வைப்பதில்லை" என்கிறார்கள். வாங்கி வைக்காத பொருள் எப்படி விற்கும்?

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஃபேட் லேட் அட் தி பேக் என்ற நிறுவனம் பருத்த உடலுக்கென்றே சைக்கிள் உடுப்பு தைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஏரோ டெக் டிசைன்ஸ் நிறுவனத்திலும் பெரிய அளவுகள் உண்டு. ஆனால் நம் ஊரில் இருந்து வாங்குவது எளிதில்லை. இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வருகிற 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி. அஞ்சல் செலவு தனி. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடும். அளவை மூன்று முறை சரிபார்த்து, தோளில் வார் வைத்த கால்சட்டை ஒன்றை மட்டும் வரவழைத்தேன். தொடைக்கும் இடுப்புக்கும் அளந்தது போல வந்தது. வார் மட்டும் நீளம்.

அந்த வாரைச் சுருக்கத்தான் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற தையல்கார அக்காவிடம் போனேன். இருபது ஆண்டுகளாக எனக்கு ஜாக்கெட் தைப்பவர். கால்சட்டையைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

"இது என்னம்மா, இவ்வளவு மெத்தென்று?"

சொன்னேன். கூடவே நான் அளந்து எழுதிய தாளையும், கழுத்து வழிந்து இடுப்பு பிடிக்கிற ஜெர்சிக் கதையையும் சொன்னேன். அவர் வியப்படையவே இல்லை.

"உன் ஜாக்கெட்டை என்றைக்காவது எழுத்துப் பார்த்தா தைத்தேன்? அளவு ஜாக்கெட் கொடுத்தாய், தைத்தேன். உனக்குத் தோள் சின்னது, கை பெரியது. அது எனக்குத் தெரியும். கடையில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

கடையில் அலமாரி முழுக்க, சுருட்டிக் கட்டிய அளவு ஜாக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. நம் பெண்கள் எத்தனை தலைமுறையாக இப்படித்தான் உடுத்துகிறோம்! ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் ஒரே முறைதான்: உடல் முதலில், துணி பிறகு. டாட் எங்கே பிடிக்க வேண்டும், கிராஸ் கட் வேண்டுமா, உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டுத் தைத்துக்கொண்ட நான், சைக்கிள் உடுப்பு என்றதும் எழுத்து ஒட்டிய ஒரு துண்டுத் தாளுக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

அக்காவிடம் இருந்தது சாதாரணத் தையல் இயந்திரமும் ஓவர்லாக் இயந்திரமும். சைக்கிள் கால்சட்டையின் இழுபடும் துணியான லைக்ராவை அவர் தைத்ததில்லை. நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும் என்று முதல் சோதனையிலேயே தெரிந்துகொண்டார். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலும், துணி இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும் உருண்டை முனை ஊசியும் வேண்டியிருந்தன. ஊசியை நான் வாங்கிக் கொடுத்தேன். பழைய கால்சட்டை ஒன்றை வெட்டி இரண்டு நாள் பழகினார். பிறகு எங்களுக்குள் சில முடிவுகள் எடுத்தோம்.

மெத்தையில் கை வைப்பதில்லை. அதைப் பிரித்துத் தைத்தால் புதிய தையல் தோலில் படும். ஆகவே உடுப்பை வாங்கும்போது தொடையும் இடுப்பும் பொருந்துவதாக, மெத்தை சரியான இடத்தில் நிற்பதாக வாங்க வேண்டும். மற்ற இடங்கள் பெரிதாக இருந்தால் இருக்கட்டும். பெரிதைப் பிடித்துச் சிறிதாக்கலாம், லைக்ராவில் சிறிதைப் பெரிதாக்க வழியில்லை. உள்ளே விட்ட துணி என்பதே அதில் கிடையாது.

கால் ஓரத்தில் இருந்த மெல்லிய சிலிக்கோன் பட்டையை வெட்டி எடுத்தோம். இரண்டு விரல் அகலப் பட்டை 74 சென்டிமீட்டர் தொடையைக் கவ்வினால் அதற்கு மேலும் கீழும் சதை பிதுங்கும், மாலையில் சிவந்த வளையம் நிற்கும். அதே பிடிப்பை ஆறு சென்டிமீட்டர் அகல மென்பட்டையில் பரப்பினால் அழுத்தம் தெரியாது, துணியும் மேலே ஏறாது. இந்த ஒரு மாற்றத்துக்கு அக்கா வாங்கியது பதினைந்து ரிங்கிட். எனக்கு அது கொடுத்த சுகத்தை ரிங்கிட்டில் சொல்ல முடியாது.

இடுப்பு எலாஸ்டிக்கைவிடத் தோள்வார் மேல் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. குனிந்து ஓட்டும்போது வயிறு மடியும் இடத்தில்தான் எலாஸ்டிக் உட்காருகிறது. அது சுருண்டு உருண்டு வயிற்றை அறுக்கும், மூச்சை அடைக்கும். வார் வைத்ததில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பெண்களுக்கு ஒரு தொல்லை உண்டு: கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ஜெர்சியைக் கழற்றி வாரை இறக்க வேண்டும். பாலிக் பூலாவ் சந்தைக் கழிவறையில் அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்கா பின்வாரை நடுவில் வெட்டி, முதுகில் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார். ஜாக்கெட் கொக்கியை நினைத்துச் செய்தாராம்.

ஜெர்சிக்கு வழி இங்கேயே கிடைத்தது. நம் நாட்டில் குழுவுக்கென்று ஜெர்சி அச்சடித்துத் தைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வெள்ளை பாலியெஸ்டர் துணியில் சூட்டால் சாயம் ஏற்றி, கேட்ட அளவில் வெட்டித் தைப்பார்கள். அவர்களிடம் 'முஸ்லிமா' வெட்டு என்று ஒன்று உண்டு. முழுக்கை, இடுப்புக்குக் கீழ்வரை நீளம், இடுப்பில் விரிவு. மலாய்த் தோழி ஒருத்தி அணிந்திருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். என் இடுப்புக்கு அதைவிடப் பொருத்தமான வெட்டு இல்லை, வெயிலுக்கும் முழுக்கை நல்லது. பெரிய அளவுக்கு ஐந்து ரிங்கிட் கூடுதல். தோளை அக்கா பிடித்துக் கொடுத்தார். அக்குளிலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் வலைத்துணிப் பட்டை ஒன்று சேர்த்தார். அகலமும் கிடைத்தது, காற்றும் வந்தது. ஜெர்சியின் முதுகில் தைத்திருக்கும் பைகளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. இடுப்பில் ஜெர்சி பிடித்தால் மூன்று பைகளும் முதுகின் நடுவுக்கு ஏறிவிடும், கை எட்டாது. ஓடும் சைக்கிளில் கையை வளைத்துத் துழாவுவது ஆபத்து. ஜெர்சியைப் போட்டு, சைக்கிளில் உட்கார்ந்து குனிந்து, கையைப் பின்னால் விட்டுப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பது உதவாது. சைக்கிள் ஜெர்சியை முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் வெட்டுவதே குனிந்து இருக்கும் உடலுக்காகத்தான்.

லைக்ராவைப் பற்றி ஒரு சொல். 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய நூல் அது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். சிறிய அளவை இழுத்துப் போட்டுக்கொண்டால் எப்போதும் உச்ச இழுப்பிலேயே இருந்து சீக்கிரம் சோர்ந்துவிடும், மெலிந்து உள்ளே இருப்பது தெரியும். குனிந்து நின்று, வெளிச்சத்தில் பின்புறம் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், சூடான உலர்த்தி வேண்டாம்.

அம்மாவுக்கு இந்த உடுப்பு பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர்மலை முருகன் கோயில் வழியாகத்தான் நான் தினமும் போவேன், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். புதிய கால்சட்டையும் நீள ஜெர்சியும் போட்டு முதல் நாள் கிளம்பியபோது அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்க ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். கால் ஓரப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"நாங்கள் மரம் வெட்டப் போகும்போது முழுக்கைச் சட்டை, உள்ளே கால்சட்டை, மேலே கைலி, தலையில் துணி. சேலை கட்டிக்கொண்டா போனோம்? கொசுவும் முள்ளும் விடுமா?" என்றார். பிறகு, "கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்" என்றார்.

ஆகஸ்டு மாதம் தீவைச் சுற்றி முடித்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. புக்கிட் கெந்திங்கில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தோலில் ஒரு கீறல் இல்லை. அழுதுவிட்டேன்.

மழைச்சட்டை ஒன்றுதான் இன்னும் கைக்கு வரவில்லை. அந்தத் துணி இழுபடாது, அதனால் அளவுப் பிழை அதில்தான் மிக அதிகமாகத் தெரிகிறது. தையல் ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்காமல் உள்ளே பட்டை ஒட்ட வேண்டும்; அக்காவின் இயந்திரத்தில் அது முடியாது. மோட்டார் சைக்கிள்காரர்களின் மழைச்சட்டையைப் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் உள்ளேயே நனைந்துவிட்டேன். மார்பு 122, இடுப்பு 130, பின்பக்கம் நீளம், கை நீளம் 52. இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள். செப்டம்பர் பிறந்தால் இங்கே மாலைதோறும் மழை.